நான் துண்டித்த வைஃபை

சித்தூரில் எங்கள் திருச்சபை நடத்தும் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். ஆபீஸ் வைஃபையை வெளியாட்கள் யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸுக்குச் சந்தேகம். அதன் பாதுகாப்பைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். என்னிடம் இருந்த பழைய லேப்டாப்பில் விண்டோஸ் திறக்கவே கால்மணி நேரமாகும். அதனால் பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸைப் போட்டேன். அது ஹார்ட் டிஸ்கைத் தொடாது. அணைத்தால், செய்தது எதுவும் மிஞ்சாது.

சனிக்கிழமை காலை, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், மதிலோரம் இருக்கும் கம்ப்யூட்டர் ரூமில் உட்கார்ந்தேன். வைஃபையில் இருப்பவர்களை ஒரு கணம் வெளியே தள்ளிவிட்டு, அவர்கள் திரும்ப இணையும்போது போகும் தகவலைப் பிடித்தால், பாஸ்வேர்ட் சுலபமாக உடையுமா என்று பார்க்கலாம். திரையில் ஒரே பெயரில் இரண்டு வைஃபை தெரிந்தன. இணைப்புக் கொடுத்த கம்பெனி வைத்த பெயரை யாரும் மாற்றியிருக்கவில்லை. சிக்னல் வலுவாக இருப்பதுதான் எங்களுடையது என்று நினைத்து, நானாக நிறுத்தும்வரை ஓடும்படி கட்டளை கொடுத்தேன்.

ஆபீசுக்குப் போய்ப் பார்த்தேன். கிளார்க் அம்மா போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெட் கட்டாவலையா?" என்றேன்.

"இல்லியே டீச்சர். நல்லாத்தான் வந்துகினு கீது."

அப்படியென்றால் நான் அறுத்துக்கொண்டிருப்பது வேறு யாருடைய வைஃபையோ. அந்த நேரம் பக்கத்து நர்சிங் ஹோம் சிஸ்டர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"டீச்சர், உங்களாண்ட நெட் வருதா? எங்க வைஃபை வந்து வந்து போவுது. ஒருத்தருக்கு நெஞ்சு வலி, ஈ.சி.ஜி. திருப்பதி டாக்டருக்குப் போவ மாட்டேங்குது!"

கம்ப்யூட்டர் ரூமுக்கு ஓடினேன். பென் டிரைவைப் பிடுங்கினேன், லேப்டாப்பை அணைத்தேன். திரை கறுத்தது. இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

நர்சிங் ஹோமுக்குப் போனபோது, சிஸ்டர் தன் போன் நெட்டிலேயே ஈ.சி.ஜி.யை அனுப்பியிருந்தார். உடனே திருப்பதிக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார் டாக்டர். ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் வேர்வையில் நனைந்திருந்தார். "நைனா, கண்ண தொற நைனா" என்று மகள் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், உங்க வைஃபையை அறுத்தது நான்தான். தெரியாம செஞ்சிட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

"ஏழெட்டு நிமிஷம்."

"ஏழெட்டு நிமிஷம்னா இன்னான்னு தெரியுமா ஒனக்கு?" அதுவரை என்னை 'நீங்க' என்று மட்டுமே அழைத்தவர், இப்படிக் கேட்டுவிட்டு நோயாளியோடு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. நர்சிங் ஹோம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தேன். ஜெபம் செய்ய முயன்றேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. மூன்று மணிக்கு மேல்தான் தகவல் வந்தது. இதய அடைப்பை எடுத்துவிட்டார்கள், பேசுகிறார்.

திங்கட்கிழமை, நடந்ததை எழுதி ஹெட்மிஸ்ட்ரஸிடமும் நர்சிங் ஹோம் டாக்டரிடமும் கொடுத்தேன். சில வாரம் கழித்து அவரைச் செக்கப்புக்குக் கூட்டிவந்த மகளிடமும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அப்பாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.