ஆறு ஆடுகளும் எண்பது நீலக் கதவுகளும்

புதுக் குடியிருப்பில் ஆடுமாடு கணக்கெடுக்கப் போன அன்று சாயங்காலம், ஒரு வீட்டு அடுப்படியிலிருந்து ஓர் அக்கா சினையாட்டைக் காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். வீடு உங்களுடையதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆடு? அது என்னுடையதுதான் என்றார். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான். இருந்தும் இதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று விளங்கவில்லை.

ஆற்று வெள்ளம் மூன்று ஊர்களை அடித்துக்கொண்டு போனபின், பிழைத்தவர்களுக்குக் குலுக்கல் போட்டு எண்பது வீடுகள் கொடுத்திருந்தார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நீலக் கதவு. அக்காவுக்கு மிஞ்சியது ஆறு ஆடுகள். பழைய ஊரில் இருபது வீட்டு ஆடுகளையும் ஒன்றாகச் சேர்த்து, நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்து மேய்ப்பார்கள். மற்ற நாளெல்லாம் கூலிக்குப் போகலாம். இங்கே அக்கம்பக்கம் அத்தனையும் வேற்றூர். தினமும் தானே மேய்த்தால் செங்கல் சூளை வேலை போகும். சூளைக்குப் போனால் ஆடு பட்டினி. ஆட்டு வியாபாரி வேறு வந்து முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

அந்த ஆறு ஆடும் போனால் தனக்கென்று எதுவும் மிஞ்சாது. அக்கா நேராக எதிர்வீட்டு வண்டிக்காரரிடம் போனார். அவரிடம் நாலு ஆடு, அதே திண்டாட்டம். ஆனாலும் மனுஷர் பிடி கொடுக்கவில்லை. முகம் தெரியாதவங்ககிட்ட ஆட்டை விட்டுட்டு அப்புறம் தோலைத் தேடி அலையவா என்று நக்கலடித்தாராம்.

"நீங்க என்னை நம்ப வேணாம்ண்ணே. நான் உங்களை நம்புறேன். நாளைக்கு என் ஆட்டையும் சேத்து ஓட்டிட்டுப் போங்க."

அந்த மறுநாள்தான் நான் கணக்கெடுக்கப் போனது. அக்கா சூளையிலிருந்து திரும்பியபோது வாசலில் ஐந்துதான் நின்றன. சினையாட்டைக் காணோம். வேற்றூர்க்காரனை நம்பினால் இப்படித்தான் என்று, குலுக்கலில் தூர வரிசைகளுக்குச் சிதறிப்போன பழைய ஊர் ஆட்கள் காதுபடவே பேசினார்கள். வண்டிக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அக்கா யாரையும் ஒரு சொல் சொல்லாமல் வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார், பின்னாலேயே வண்டிக்காரர்.

ஆடு அடுத்த வரிசை நீலக் கதவைத் தன் வீடென்று நினைத்து உள்ளே போய், அடுப்பு மூலையில் ஹாயாகப் படுத்திருந்தது. அந்த வீட்டம்மா காய்த்தோல் போட்டு உபசரித்துக்கொண்டிருந்தார்.

"அதைச் சொல்லி என்ன. நானே நேத்து வேற வீட்டுல போய்ச் செருப்பைக் கழட்டினேன்" என்றார் வண்டிக்காரர். அந்தம்மா சிரித்துவிட்டார்.

அக்கா சிரிக்கவில்லை. "இன்னிக்கு உங்க முறை முடிஞ்சுதுண்ணே. நாளைக்கு என் முறை. விடிஞ்சதும் நாலையும் அவுத்து விடுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "நாலு இல்ல தங்கச்சி, ஆறு. இந்தம்மாகிட்டயும் ரெண்டு நிக்குது பாரு."

வெள்ளிக்கிழமை வியாபாரியின் வண்டி காலியாகத் திரும்பியது.

ஆடுகள் இன்னும் வீடு மாறிப் புகுகின்றன. யார் வீடானாலும் கட்டிப்போட்டுவிட்டுக் குரல் கொடுக்கிறார்கள். முறையில் இப்போது பதினான்கு வீடுகள். அக்காவிடம் ஒன்பது ஆடுகள் இருக்கின்றன. பதினான்கு நாளில் ஒரு நாள் மந்தையை ஓட்டிப் போகிறார். மற்ற நாட்களில் சூளையில் கல் அறுக்கிறார்.