எச்சரிக்கையைத் தாண்டச் சொன்னது நான்

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் திறக்கப்படும் என்று சொல்லும் சிறிய செயலி ஒன்றை, பள்ளிக்கூட ரீச்சரான நானே எழுதியிருந்தேன். மழை குறைந்த சிறுபோகத்தில் தண்ணீர் முறை தவறினால் பயிர் வாடிவிடும். பிளே ஸ்டோரில் ஏற்றப் போனால், தனியாள் தன் முகவரியை நிரூபிக்க வேண்டும், அது பாதுகாப்பு விதி என்றார்கள். எங்கள் வீட்டு மின்கட்டணச் சிட்டை, காலமாகிவிட்ட மாமனாரின் பெயரிலேயே இன்னும் வருகிறது. அதைக் காட்டியபோது இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். வயலின் அவசரம் இவர்களுக்கு விளங்காது என்ற கோபத்தில், செயலியை வாட்ஸப்பில் எங்கள் வாய்க்கால் குழுவுக்கு அனுப்பினேன்.

எல்லோருடைய கைபேசியிலும் சிவப்பு எச்சரிக்கை வந்தது. எங்கள் பின்வளவு வீட்டு அக்கா தன்னுடையதை என்னிடமே கொண்டுவந்தார்.

“ரீச்சர், இது கூடாத சாமானெண்டு போன் சொல்லுது.”

“அது எல்லாத்துக்கும் அப்பிடித்தான் கத்தும், அக்கா. கீழ சின்ன எழுத்தில ஒண்டு இருக்கு, அதை அமத்துங்கோ.”

“நாய் குலைச்சாலும் உள்ள வரலாமெண்டுறியள்,” என்று சிரித்தபடி அமத்தினார்.

அவருக்கு முறைத் தண்ணீர் தவறவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம், கலியாண அழைப்புக் காட் என்று யாரோ அவருக்கு ஒரு கோப்பு அனுப்பினார்கள். மறுபடியும் சிவப்பு எச்சரிக்கை. சின்ன எழுத்தைத் தேடி அமத்திவிட்டார். அன்று பின்னேரமே அவருடைய வாட்ஸப் வேறு யாரோ ஒருவரின் கைக்குப் போய்விட்டது. ‘ஆஸ்பத்திரியில் இருக்கிறன், காசு அனுப்புங்கோ’ என்று அவர் பெயரில் வெளிநாட்டு உறவுகள் எல்லோருக்கும் செய்தி போனது. கனடாவிலிருக்கும் தமையனிடம்கூட ஒருபோதும் கை நீட்டாதவர் அவர். தங்கச்சி பொய் சொல்லிக் காசு கேட்கிறாள் என்று தமையன் அவருடன் கதைப்பதையே நிறுத்திவிட்டார்.

அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கைபேசியிலிருந்து தமையனை அழைத்து நடந்ததை விளக்கினேன். நம்பினார். பிறகு கேட்டார்: “அவளுக்கு உதெல்லாம் ஆர் பழக்கினது?”

“ஒருத்தரும் இல்லையண்ணை. நான்தான் தெரியாமல் அமத்திப்போட்டன்,” என்றார் அக்கா, என்னைப் பாராமல்.

அதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பு இப்போதும் கூசுகிறது.

“இல்லை, நான்தான் பழக்கினனான்,” என்றேன் பிறகு.

“ரீச்சரோ? நல்லாத்தான் பழக்கியிருக்கிறியள்.”

ஏச்சு வாங்கியது தான்தான் என்பதுபோல அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் வீடு வீடாகப் போய், எல்லோருடைய கைபேசியிலும் பாதுகாப்பைப் பழையபடி போட்டு, என் செயலியை அழித்தேன்.

“அப்ப தண்ணி எப்ப வருமெண்டு என்னெண்டு அறியிறது, ரீச்சர்?” என்று ஒருவர் கேட்டார்.

“வாய்க்காலில போய்ப் பாருங்கோ,” என்றேன்.