பாறை என்று எழுதினேன்

பதுளை மண்ணுக்குள் கல் மிதந்துகொண்டிருக்கும். வீட்டளவு கல்கூட மிதக்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். மழைக்கு அது உருண்டு, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குள் வருவதைப் பார்த்தவர்கள் நாங்கள். பாறை வேறு. அது அசையாது.

கடைவீதிக்குப் பின்னால், லொறி திரும்பக்கூட இடமில்லாத துண்டு நிலத்தில் ஒரு கட்டடம் வரவிருந்தது. அடியில் வாகனம் நிறுத்த நிலக்கீழ்த் தளம். தோண்டும்போது பக்கத்து மண் சரியாமலிருக்க, முதலில் சுற்றிவர நெருக்கமாகக் கொங்கிரீட் தூண்களை நிலத்துக்குள் இறக்க வேண்டும். பெரிய இயந்திரம் உள்ளே வராது. உயரமான முக்காலி நட்டு, கனத்த இரும்பு உளியைக் கம்பிக் கயிற்றில் தூக்கித் தூக்கிப் போட்டுத் துளைத்தோம். எந்தத் துளை எத்தனை அடியில் பாறையைத் தொட்டது என்று எழுதுவது என் வேலை.

தெற்கு மூலையிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு தையற்கடை. கடையும் அதுதான், வீடும் அதுதான். மண்சரிவில் லயம் போன பிறகு பசறைப் பக்கமிருந்து வந்த அக்கா, மகளோடு அங்கே இருந்தார். உளி விழும்போதெல்லாம் அவருடைய கூரைத் தகரம் நடுங்கும். மதியச் சோற்றை அவர் வாசலில் உட்கார்ந்துதான் தின்றேன்.

அந்த மூலையில் நான்கு துளைகளில் உளி இடித்து நின்றது. பாறையென்றால் உளி துள்ளும், கயிற்றில் கை வைத்தாலே தெரியும். இது மொத்தென்று விழுந்தது. கல்தான், இன்னும் கீழே போக வேண்டும் என்றேன். பொறியியலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். மழைக்கு முன் முடிக்கும் அவசரம் அவருக்கு.

“நீர் பூமி படிச்சனீரோ, கொழுந்து நிறுக்கப் படிச்சனீரோ? பாறை எண்டு எழுதும்.”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் இளித்தேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அன்று மதியம் அக்கா கேட்டார். “தம்பி, இந்த மூலையில பாறை தட்டிருச்சா? இல்ல, நம்ம தோட்டத்துக் கல்லு மாதிரியா?”

“பாறைதான்க்கா. பயப்படாதீங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன்? எழுதியதை மாற்றிச் சொல்லத் துணிச்சல் இல்லை. வேறு காரணம் தேட மாட்டேன்.

தோண்டி முடிக்கிற நேரத்தில் மழை பிடித்தது. கல்லின்மேல் நின்ற அந்த நான்கு தூண்களும் தோண்டிய தளத்துக்குக் கீழே ஒரு முழம்கூட இறங்கியிருக்கவில்லை. அடியிலிருந்த கல் ஈர மண்ணில் நகர்ந்தது. பட்டப்பகலில் தூண்கள் குழிக்குள் சாய்ந்தன. தையற்கடையின் பின்சுவரும் கூடவே போனது. அக்காவும் மகளும் முன்வாசலால் ஓடியதால் பிழைத்தார்கள்.

விசாரிக்க வந்தவர்களிடம் பொறியியலாளர் என் கையெழுத்தைக் காட்டினார். பொய் என்று நான் எப்படிச் சொல்வது?

அக்கா எதிர்ப்பக்கக் கடைப் படியில், தையல் மெஷினின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நீயும் தோட்டத்துப் புள்ளன்னுதான் ஒங்கிட்ட கேட்டேன்” என்றார்.

இனி மலையே இல்லாத ஊர்தான் வேண்டும் என்று மகளோடு கடற்கரைப் பக்கம் பஸ் ஏறிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

தெற்கு மூலையில் புதிதாகத் துளைத்தோம். கல்லை உடைத்துக்கொண்டு கீழே போனோம். இந்தத் தடவை உளி துள்ளியது.