இன்றைக்குப் பொய், நாளைக்கு நிஜம்

மோனிஷாவின் படிப்பு ப்ளஸ் ஒன்னோடு நின்றுவிட்டது. அவளைக் கேட்டால், படிப்புதான் ஓடிப்போனது, நான் துரத்தவில்லை, அவ்வளவுதான் என்பாள். அப்பா விக்டர் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர். போன வருடம் அவருடைய முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்ததிலிருந்து வால்வு திருகுவது, டேங்க் ஏணி ஏறுவது, குழாயடிச் சண்டையை விலக்குவது எல்லாம் இந்தப் பதினெட்டு வயதுக்காரியின் வேலை. சண்டையை மூட்டிவிடுவதும் சில நாள் அவள்தான்.

பென்னாகரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊரில் இரண்டு குழாய்கள். ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர் தினமும் வரும். குளோரின் மருந்து கலந்த ஆற்றுத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். குடம் நிறையும் வரை சும்மா நிற்க யாருக்கும் முடியாது. அவளிடம் கேள்வி கேட்பார்கள். அதற்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். முதல் நாள் வாய்க்கு வந்த பொய். மறுநாள் நிஜம்.

"ஏம்மா, கொசு எதுக்குக் காதுகிட்டயே வந்து கத்துது?" என்று ஒரு நாள் சென்னப்பன் கேட்டார். மாடு கட்டிப் பால் ஊற்றுகிறவர். வரிசையில் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவர்.

"சாப்புடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சாப்புடுதுங்க மாமா. மரியாதை தெரிஞ்ச கொசு."

மறுநாள் சொன்னாள்: "அது கத்தறதில்லீங்க, றெக்கை சத்தம். உடம்பு பூராத்தான் சுத்துது, காதுகிட்ட வந்தாத்தான் நமக்குக் கேக்குது."

"நேத்து சொன்னதுதான் நல்லாருந்துச்சு" என்றார் சென்னப்பன்.

ஊருக்கே அந்த அபிப்பிராயம்தான். ஆனால் அந்தச் சப்பென்ற நிஜத்துக்காக அவள் போனைத் தோண்டுவதும், பழைய ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்துப் புரட்டுவதும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடும்.

இரண்டு மாதத்துக்கு முன் கண்ணம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். குழாயடியில் அப்போது வேறு யாரும் இல்லை. இடுப்பில் அவள் மகன், நாலு வயது மாதேஷ், வாய் நிறைய அரிசிப் பற்களோடு இளித்துக்கொண்டிருந்தான். கண்ணம்மாளின் பற்கள் பழுப்பு. சிரித்தால் முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும்.

"எனக்கும் சின்னதுல இவனாட்டமே வெள்ளையா இருந்துச்சாம்டி. விழுந்து மொளச்சது மட்டும் எப்புடி இப்புடி வந்துச்சு? இவனுக்கும் இப்புடித்தான் வருமா?"

"தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிச்சிருந்தா கறையெல்லாம் ஆவியாப் போயிருக்குங்க்கா" என்று வழக்கம்போல் அடித்துவிட்டாள் மோனிஷா.

அன்று மாலையே நிஜத்தைத் தேடிப் படித்து வைத்தாள். ஆனால் மறுநாள் கண்ணம்மாள் வரவில்லை. தம்பி கல்யாணம் என்று பாப்பிரெட்டிப்பட்டி போனவள் திரும்பப் பத்து நாள் ஆயிற்று. அதற்குள் இவள் மறந்துவிட்டாள்.

இப்போது, ஆற்றுத் தண்ணீர் வரும் ஒரு காலையில், வரிசையில் கண்ணம்மாள் நின்றாள். புகையில் கண் சிவந்திருந்தது. பக்கத்தில் மாதேஷ், கையில் அவனுக்கென்று கொதிக்க வைத்த தண்ணீர் தனிச் சொம்பில்.

"நீ சொன்னதுலருந்து இவனுக்கு வெறும் போர் தண்ணி குடுக்கறதே இல்லடி. டெய்லி கொதிக்க வெச்சுதான். வெறகு பொறுக்கியே இடுப்பு போச்சு."

அந்தப் பொய்க்கு நிஜம் சொல்லாமலே விட்டது மோனிஷாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆற்றுத் தண்ணீரே கொடுங்கள் என்று நைசாக முடித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அப்படித்தான் வாயைத் திறந்தாள். மாதேஷ் சொம்பைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தான்.

"அக்கா, அந்தச் சொம்பக் கொஞ்சம் குடுங்க."

பஞ்சாயத்தில் அப்பாவுக்குத் தந்திருந்த தண்ணீர் சோதனைப் பெட்டியை எடுத்து வந்தாள். மூன்று கண்ணாடிக் குழாய்கள்: ஆற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், சொம்புத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் மருந்துச் சொட்டு. முதலாவது ரோஸ் நிறமாக நின்றது. இரண்டாவது மஞ்சளானது. மூன்றாவது அதைவிட மஞ்சள்.

"மஞ்சளானா புளோரைடு ஜாஸ்தின்னு அர்த்தம். பல்லக் கெடுக்கறது அதுதான்" என்றாள் மோனிஷா. "கொதிச்சா தண்ணிதான் ஆவியாப் போகும். அது போகாது, அடியிலயே தங்கி இன்னும் கெட்டியாயிரும். நான் அன்னைக்குச் சொன்னது பொய்ங்க்கா. மறுநாள் நீங்க வரல. நான் மறந்துட்டேன்."

சென்னப்பன்கூடக் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"புள்ளைக்குன்னு கேட்டாக்கூட வெளையாடுவியாடி?" என்றாள் கண்ணம்மாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது மோனிஷாவுக்கு.

"பால் பல்லு முக்காவாசி அம்மா வயித்துக்குள்ளயே உருவாயிருதுங்க்கா. அதான் வெள்ளையா இருக்கு. அடுத்து வர்ற பல்லு இப்பத்தான் ஈறுக்குள்ள ஆயிட்டிருக்கு, இவன் குடிக்கற தண்ணியிலதான். இன்னும் சில வருசம் அந்த வேலை நடக்கும். இன்னைலருந்து மாத்தினாலும் நல்லதுதான்."

"ஆத்துத் தண்ணி மருந்து வாடைன்னு துப்பறானே!"

"வாயகலமான குண்டாவுல ஊத்தி, மேல துணி கட்டி ராத்திரி பூரா வெச்சிருங்க. காலைல வாடை போயிருக்கும்."

கண்ணம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இது இன்னைக்குச் சொல்ற பதிலா, நாளைக்குச் சொல்ற பதிலா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். மோனிஷா சிரிக்கவில்லை. "நாளைக்குச் சொல்ற பதில்தாங்க்கா. இன்னைக்கே சொல்லிட்டேன்."

கண்ணம்மாள் சொம்பைக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் காலை மோனிஷாவே ராத்திரி துணி கட்டி வைத்திருந்த ஆற்றுத் தண்ணீர்க் குண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். ஒரு டம்ளர் மொண்டு மாதேஷிடம் நீட்டினாள். கண்ணம்மாள் தடுக்கவில்லை; முகத்தை மட்டும் திருப்பி வைத்திருந்தாள். பையன் மூக்கை டம்ளருக்குள் விட்டு மோந்து பார்த்தான். ஒரு வாய் குடித்தான். துப்புவான் என்று ஊரே காத்திருந்தது. விழுங்கிவிட்டான்.

"மருந்து எங்க போச்சுக்கா?"

மோனிஷாவின் நாக்கு நுனிக்கு அருமையான பொய் ஒன்று வந்தது. மருந்துக்குக் கால் முளைத்திருந்தது, அது நடு ராத்திரி சுவரேறிக் குதித்து பெங்களூர் பஸ் பிடித்திருந்தது. கண்ணம்மாள் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"காத்துலடா. கொஞ்சம் கொஞ்சமாக் காத்தோட போயிருச்சு."

"அட, அவ்வளவுதானா?" என்றார் சென்னப்பன். அவருக்குச் சப்பென்று போய்விட்டது.

மாதேஷ் டம்ளரை நீட்டினான். இன்னொரு டம்ளர் வேண்டுமாம்.