கையைப் பார்த்துக் கொடுத்த பிக்

ஒரு பெண்ணின் கையில் பலமில்லை என்று யாராவது சொன்னால், அந்தக் கையில் எதைக் கொடுத்தீர்கள் என்று என்றைக்காவது திருப்பிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்கமாட்டீர்கள். அளவுக்காரரும் கேட்கவில்லை. அதுவும் தன் தங்கை மகள் விஷயத்தில்.

அளவுக்காரர் என்பது இசைக்கருவிக் கடையில் உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். கொக்கிகளில் கிட்டார்கள் வரிசையாகத் தொங்கும் ஒடுக்கமான கடை அது. அதன் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. கம்பி, தோல்வார், பை எல்லாம் விற்பார். ஆனால் அவருடைய பெருமை பிக்கில் இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக் கம்பியை மீட்டுகிற அந்தச் சின்ன முக்கோணத் துண்டுதான் பிக். வாடிக்கையாளர் வாய் திறக்கும் முன்பே கையை ஒரு பார்வை பார்ப்பார். "உங்களுக்கு இதுதான்" என்று ஒன்றை எடுத்துவைப்பார். வாங்கியவர்கள் அசந்துபோவார்கள்.

கையைப் பார்த்துப் பலன் சொல்பவன் தெருவோரம் உட்கார்ந்தால் ஜோசியன் என்கிறோம். அதையே கடைக்குள் நின்று சொன்னால் அனுபவஸ்தர் என்கிறோம். அளவுக்காரருக்கு எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது. தான் கொடுக்கும் பிக் கம்பியில் பட்டால் என்ன ஆகிறது என்று நின்று கேட்கிற வழக்கமும் இல்லை.

பார்க்கப்போனால் அவர் கையைக்கூடப் பார்க்கவில்லை. மேசைமேல் ஒரு டப்பா இருந்தது. அதில் மெல்லிய பிக்குகள், மிட்டாய் நிறங்களில், அழுத்தினால் வளைகிறவை. கீழே இழுப்பறையில் இன்னொரு டப்பா. அதில் தடித்தவை, வளையாதவை, ஓரம் வழவழப்பாகத் தேய்த்தவை. வருவது பெண் என்றால் மேல் டப்பா. ஆண் என்றால் இழுப்பறை திறக்கும். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கடையில் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அப்படியே கொடுத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் வருவதைத்தான் நாம் தொழில் பழக்கம் என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

தங்கை மகள் ஒரு மெல்லிசைக் குழுவில் மாண்டலின் வாசித்தாள். பாட்டுக்கு முன்னால் தனியாக ஒலிக்கிற இசை அவளுடையது. சின்னப் பெண்ணாக மாண்டலினைத் தொட்ட நாளிலிருந்து அவளுக்குப் பிக் கொடுப்பவர் மாமாதான். வேறு கடை வாசலை அவள் மிதித்ததில்லை. "எங்க மாமா கை பாத்தாலே சொல்லிடுவாரு" என்று தோழிகளிடம் பீற்றிக்கொள்வாளாம். தங்கை சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு உச்சி குளிரும்.

கொஞ்ச நாளாக அவளுக்கு மணிக்கட்டு வலி. பட்டை கட்டிக்கொண்டு வாசித்தாள். கை பலமாகட்டும் என்று மாமாவே ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னார். பொறுப்பான மாமா.

அப்போதுதான் குழுத் தலைவர் கம்பி வாங்கக் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில், உங்கள் பெண்ணின் மாண்டலின் சத்தம் கடைசி வரிசைக்கு எட்டுவதில்லை, தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது, வேறு ஆள் பார்க்கலாமென்று இருக்கிறேன், அவள் ஓரமாக நின்று கிலுகிலுப்பை ஆட்டட்டும் என்றார்.

"கையில வலு இல்லீங்க. நான் என்ன பண்ண?" என்று கையை விரித்தார் தலைவர்.

"பொம்பளைப் பிள்ளைங்க கை அப்படித்தான சார்" என்றார் அளவுக்காரர். சொன்னதோடு நிற்காமல் தலையையும் ஆட்டினார். கம்பியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

அந்த வாரமே வேறு ஆள் வந்துவிட்டான். தங்கை மகளின் கையில் கிலுகிலுப்பை. அவள் அழவில்லை என்று தங்கை சொன்னாள். பந்தை மட்டும் முன்னைவிட அதிகமாக அமுக்குகிறாளாம்.

பிறகு ஒரு மதிய வேளையில், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் ஒரு பெண்மணி சீருடையோடு கடைக்கு வந்தார். மாண்டலினுக்கு நல்ல பிக் வேண்டும் என்றார். அளவுக்காரர் வழக்கம்போல மேல் டப்பாவைத் தள்ளினார். அந்தப் பெண்மணி ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"ஏன், எனக்கு மட்டும் இந்த டப்பா? இப்பப் போனாரே ஒருத்தர், அவருக்குக் கீழேருந்து எடுத்தீங்களே?"

"உங்க கைக்கு இதுதாம்மா சரியா வரும்."

"என் கையை எப்ப பாத்தீங்க?"

"வந்ததுமே பாத்துட்டேன்."

"நான் தினமும் எலும்பு வரைக்கும் பாக்கறவ. இது ஆம்பளை எலும்பா பொம்பளை எலும்பான்னு மாண்டலின் கம்பி கேக்காதுங்க. அந்த டப்பாவையும் எடுங்க."

எடுத்தார். அந்தப் பெண்மணி கொக்கியிலிருந்த மாண்டலினை இறக்கச் சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் மெல்லிய பிக்கால் ஒரு வரி வாசித்தார். மாண்டலினில் கம்பிகள் ஜோடி ஜோடியாக, விறைப்பாக இருக்கும். பிக் கம்பியைத் தள்ளுவதற்குப் பதிலாகத் தானே வளைந்து சடசடவென்று அடித்துக்கொண்டது. தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி. அளவுக்காரருக்கு எங்கோ சுருக்கென்றது.

பிறகு தடித்த பிக்குகளில் ஒவ்வொன்றாக. ஓரம் சொரசொரப்பாக இருந்ததை ஒதுக்கினார். முனை மிகக் கூர்மையாக இருந்ததையும் ஒதுக்கினார். முனை சற்றே உருண்ட ஒன்றால் அதே வரியை வாசித்தபோது கடை நிறைந்தது. தெருவில் போனவர் ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார்.

"இதுல என்ன சௌகரியம்னா, பிக் வளையாததால இறுக்கிப் பிடிக்க வேணாம். மெல்லிசு பிக்கை வச்சுக்கிட்டுச் சத்தம் வரலையேன்னு அமுக்கி அமுக்கிப் பிடிச்சா மணிக்கட்டு போயிடும். எங்ககிட்ட படம் எடுக்க வருவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அளவுக்காரர் சிரிக்கவில்லை. அவர் கண்முன் ரப்பர் பந்து நின்றது. வலிக்கிற கையை இன்னும் அமுக்கு என்று சொன்ன வாய் தன் வாய். கிலுகிலுப்பைக்குத் தலையாட்டிய தலை தன் தலை. வலுவில்லாதது பிக். பழி விழுந்தது பெண்ணின்மேல்.

அன்று சாயங்காலமே இழுப்பறை டப்பாவோடு தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயம் சொல்லாமல், சும்மா வாசித்துப் பாரேன் என்றார். அவள் வாசித்தாள். நடுவில் நிறுத்தி, பிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள். சமையலறையிலிருந்து தங்கை கரண்டியோடு வெளியே வந்து, "அண்ணா, என்ன மாயம் பண்ணுன?" என்றாள். மாயம் ஒன்றும் இல்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"மாமா, இது புதுசா வந்த சரக்கா?"

புதுசு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லம்மா. எப்பவும் இருக்கு. இழுப்பறையில."

"அப்ப எனக்கு ஏன் தரல?"

"பொண்ணுங்களுக்கு மேல இருக்கறதைத்தான்..." என்று ஆரம்பித்தவருக்கு அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. குழுத் தலைவரிடம் தான் சொன்னதையும் சொல்லிவிட்டார். தங்கை கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். தங்கை மகள் மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்து, மடித்த துணிகளின்மேல் வைத்தாள்.

"என்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க மாமா. அவர்கிட்ட சொன்ன வார்த்தையை அவர்கிட்டயே போய்த் திருப்பி வாங்குங்க."

மறுநாள் ஒத்திகை நடக்கும் கூடத்துக்குப் போனார். எல்லோர் முன்னாலும், தப்பு கையில் இல்லை, நான் கொடுத்த பிக்கில்தான், நான் சொன்னது பொய் என்றார். தபலாக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைவர் சிரிக்காமல், ஒரு பிளாஸ்டிக் துண்டு ஆளை மாற்றிவிடுமா என்று கேட்டார். அவளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றார் இவர். கேட்டார்கள். கூடமே கேட்டது. தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் புது ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே, பார்க்கலாம் என்றார். தங்கை மகள் கிலுகிலுப்பையைத் தலைவரின் நாற்காலியில் வைத்துவிட்டு, மாண்டலினோடு வெளியேறினாள். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கலாம். அது பறித்த இடம் கூடவே திரும்பி வருவதில்லை.

அளவுக்காரர் இப்போதும் அதே மேசையில்தான் நிற்கிறார். யார் கையையும் பார்ப்பதில்லை. தங்கை மகள் கடைக்கு வருகிறாள். மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் அவர் ஒன்றை எடுத்துக் கொடுக்கப்போனால், "இருக்கட்டும் மாமா, எல்லாத்தையும் எடுத்து வைங்க, நானே பாத்துக்கறேன்" என்கிறாள். குரலில் கோபமில்லை. கோபம் இருந்தாலாவது தேவலை என்று அவர் நினைக்கிறார். அவள் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்து முடியும்வரை, பேசாமல் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே உங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பிக் வாங்கப் போகும்போது, கையைப் பார்த்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். இழுப்பறையையும் திறக்கச் சொல்லுங்கள். தடித்தது, மெல்லியது எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டச் சொல்லுங்கள். ஒரு கருவியை அவள் மடியில் கொடுங்கள். அவளே வாசித்துத் தேர்ந்தெடுக்கட்டும். அதுவரை நீங்கள் வாயைத் திறக்காமல் தள்ளி நில்லுங்கள்.