மொழி உதவிக்கு நன்றி

அந்த ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். மொழி உதவிக்காக. அந்த வரியை முதல் தடவை படித்தபோது யாரோ மொழிபெயர்ப்பாளரைச் சொல்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் என் பெயர். இனிஷியலும் தப்பு.

அப்போது நான் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடம். மருத்துவ மாணவர்கள் ஒரு வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் சொந்தமாக ஆய்வு செய்யலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. பிடிப்பது என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பாவின் நண்பர் யாராவது வழிகாட்டியாக அமைந்துவிடுவார். மற்றவர்கள் பேராசிரியர்களின் அறை வாசலில் கால் கடுக்க நிற்போம். என் அப்பா ஜீவனஹள்ளியில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்கிறவர். அவருக்குத் தெரிந்த ஒரே டாக்டர் எங்கள் தெருமுனை கிளினிக்காரர்தான்.

அதனால் சமூக மருத்துவத் துறைப் பேராசிரியர் ஒருவர் தாமாகவே என்னைக் கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். எல்லை தாண்டி இங்கே வேலைக்கு வந்து, நகரத்தின் மறுகோடியில் வைட்ஃபீல்டில் வீடு வாங்கித் தங்கிவிட்டவர்.

"ஜீவனஹள்ளியா? தமிழ்ப் பொண்ணா? அட, நம்ம பொண்ணு" என்றார். "கன்னடமும் வரும், உருதுவும் வரும்ல? எனக்கு உன்ன மாதிரி ஒருத்திதாம்மா வேணும்."

அதில் எது பாராட்டு, எது வேலைக்கு ஆள் எடுப்பது என்று பிரித்துப் பார்க்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெண்கள் ஏன் அதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. திட்டம் என் பெயரில் பதிவானது. கேள்வித்தாள் அவர் கொடுத்தது. காரணம் என்ற இடத்தில் மறதி, பயம், நாட்டு மருந்தில் நம்பிக்கை, அறியாமை, மற்றவை என்று ஐந்து கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும். வகுப்பு முடிந்ததும் எங்கள் சந்துகளில் வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கும் ஒரு அம்மா, கட்டங்களை நான் வாசித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதுவுமே இல்லை என்றார்.

"ஊசி போட்டா அரை மணி நேரத்துல துண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. ஆறு மணிக்குப் போட்டுக்கினு வேலைக்குப் போறேன். அவங்கல்லாம் நாஸ்டா முடிச்சி, பாத்திரம் கழுவி, எனக்குன்னு ஒரு தட்டு வர்றதுக்குப் பதினொண்ணு ஆயிடுது. ரெண்டு வாட்டி அவங்க கிச்சன்லயே மயக்கம் போட்டு உழுந்துட்டேன். இன்னொரு வாட்டி உழுந்தா வேலைக்கு வராதன்னுடுவாங்க. அதான் பாதியா கொறச்சிக்கினேன்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா ஆன்ட்டி?"

"அவரு கேக்கவே இல்லியே."

இதில் மறதி எங்கே இருக்கிறது, அறியாமை எங்கே இருக்கிறது? அந்த அம்மா தன் உடம்பைத் தானே கவனித்து, தனக்குத் தெரிந்த வழியில் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த வீடுகளிலும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். கட்டங்களை விட்டுவிட்டுத் தாளின் ஓரத்தில் எழுதத் தொடங்கினேன். ஊசி எத்தனை மணிக்கு, முதல் வாய்ச் சோறு எத்தனை மணிக்கு என்று நானே ஒரு அட்டவணை போட்டேன். முன்பே பார்த்த வீடுகளுக்கும் மறுபடி போய் இந்த இரண்டையும் கேட்டு வந்தேன்.

பேராசிரியர் அந்த அட்டவணையை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இதுதாம்மா பேப்பர்" என்றார். வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் உட்கார முடியாத அளவுக்குச் சந்தோஷம்.

பிறகு அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைட்ஃபீல்டுக்கு வரச் சொன்னார். கோயில் பூசை முடிந்த கையோடு, அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த சுடிதாரில், பஸ்ஸும் மெட்ரோவுமாக மாறிப் போனேன். அவர் மனைவி இடியாப்பமும் குருமாவும் வைத்தார். மேஜையின் எதிர்ப்பக்கம் அவர் மகன் உட்கார்ந்திருந்தான். வேறு கல்லூரியில் மருத்துவம் படிக்கிறவன்.

"வெளிநாட்டுக்கு அப்ளை பண்றான்மா. ரிசர்ச்னா என்னன்னு உங்க அண்ணனுக்குக் கொஞ்சம் புரிய வை" என்றார்.

புரிய வைத்தேன். ஒன்றல்ல, மூன்று ஞாயிறுகள். எந்தப் பெண் என்ன சொன்னார், அட்டவணையை எப்படிப் படிக்க வேண்டும், கட்டங்கள் ஏன் தவறு என்று எல்லாவற்றையும் நானே அவன் வாயில் ஊட்டினேன். இடியாப்பத்துக்கு மயங்கிய முட்டாள். பேராசிரியர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது என்று எங்கள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்று நினைத்தாலும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

கட்டுரை தயாரானதும் அறைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார். முதல் பெயர் அவர் மகனுடையது. இரண்டாவது அவருடையது. கடைசியில் துறைத் தலைவர். அந்தத் துறையில் எந்தக் கட்டுரை வெளிவந்தாலும் தலைவர் பெயர் கடைசியில் இருக்கும். அவர் அதைப் படித்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. நான் எங்கே என்று தேடித்தான் தாண்டிப் போன அந்த நன்றி வரிக்குத் திரும்பி வந்தேன்.

"சார், என் பேரு?"

"இருக்கேம்மா. கடைசிப் பக்கத்துல போட்டிருக்கேன்."

"இது என் ப்ராஜெக்ட் சார்."

"யாரு இல்லேன்னா? அண்ணனுக்கு இந்த வருஷம் அர்ஜென்ட். உனக்கென்ன, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அடுத்த பேப்பர்ல மொத பேரே உன்னோடதுதான்." பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். திட்டம் என் பெயரில் பதிவாகியிருந்ததால், கட்டுரையில் என் பெயர் இல்லாததற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

எங்களுக்கு அகமதிப்பெண் போடுகிறவரும் அவர்தான். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹாஸ்டலுக்குப் போய் ஒரு சீனியர் அக்காவிடம் கேட்டேன். "எழுதிக் குடுத்துட்டு பாஸ் ஆகிற வழியப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் துணி காயப்போடப் போய்விட்டார். எழுதிக் கொடுத்தேன். என் சொந்த விருப்பத்தின் பேரில் என்று, அழகான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அடுத்து ஒரு மாநாடு. நகரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றின் கூடத்தில் மகன் கோட்டு சூட்டோடு ஏறி என் அட்டவணையைத் திரையில் காட்டினான். நான் கடைசி வரிசையில் இருந்தேன். நடுவர்களில் நரைத்த முடிக்காரப் பெண்மணி ஒருவர் கேட்டார்: இந்தப் பெண்கள் ஊசியைக் குறைத்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் என்ன?

அவன் திரையைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "அறியாமை" என்றான் ஆங்கிலத்தில். "விழிப்புணர்வு முகாம்கள் நடத்த வேண்டும்."

என் பெயரை எடுத்துக்கொண்டது போதாதென்று அந்தப் பெண்களின் வாயையும் அடைத்துவிட்டான். நான் எழுந்து நின்றது எனக்கே பிறகுதான் தெரிந்தது. அறியாமை இல்லை மேடம் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு மணி ஊசி, பதினொரு மணித் தட்டு, சமையலறையில் விழுந்தது, மருந்து எழுதுகிற யாரும் சாப்பாட்டு நேரத்தைக் கேட்காதது. ஆங்கிலம் அங்கங்கே உடைந்தது, நிறுத்தவில்லை. அந்தப் பெண்மணி ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். முடித்தபோது கைதட்டினார்கள். சிறந்த மாணவர் ஆய்வு என்று பரிசு அறிவித்தார்கள். மேடையேறி வாங்கியவன் அவன்.

வெளியே பேராசிரியர் என்னைத் தேடி வந்தார். திட்டப்போகிறார், மதிப்பெண் போயிற்று என்று நினைத்தேன். ஒருவகையில் அதற்குத் தயாராகவே இருந்தேன். திட்டியிருந்தால்கூட நான் எதிர்த்து நின்றேன் என்று அவருக்குப் பட்டிருக்கிறது என அர்த்தம். அவரோ என் தோளைத் தட்டினார்.

"நல்லா சமாளிச்சேம்மா. நீ எழுந்திரிக்கலேன்னா அண்ணனுக்கு ப்ரைஸ் போயிருக்கும்." அதே மூச்சில் சொன்னார்: "அடுத்த ஸ்டடி ரெடியாயிட்டிருக்கு. உனக்கு இனிமே வார்டு போஸ்டிங் வந்துடும், டைம் இருக்காது. ஜூனியர்ல உன்ன மாதிரி ஒரு பொண்ணு இருந்தா சொல்லு. தமிழ் பேசணும், ஏரியா தெரிஞ்சிருக்கணும்."

அடுத்த பேப்பரில் முதல் பெயர் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒன்றைச் சொன்னதே அவருக்கு நினைவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அது பொய்யைவிடக் கேவலமாக இருந்தது.

அவர் கேட்ட மாதிரியே ஒரு பெண் முதலாண்டில் இருந்தாள். காக்ஸ் டவுன், ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். அவளை நான் அவரிடம் அனுப்பவில்லை. கேன்டீனில் உட்கார வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த வெள்ளைத்தாளைக்கூட மறைக்கவில்லை. அவர் கூப்பிட்டால் போகாதே என்றேன்.

டீயைக் குடித்து முடித்தாள். பிறகு, "அப்ப யார்கிட்டக்கா போறது?" என்றாள்.

இரண்டு பெயர்கள் சொன்னேன்.

"அவங்க ரெண்டு பேருகிட்டயும் போயிட்டுத்தான்க்கா வர்றேன். ஒருத்தர் கதவையே தெறக்கல. இன்னொருத்தர், உங்கப்பா என்ன பண்றாருன்னு கேட்டாரு."

மூன்றாவதாகச் சொல்ல எனக்குப் பெயர் இல்லை. அந்த வாரமே அவள் பேராசிரியரிடம் சேர்ந்துவிட்டாள். சிபாரிசு செய்தது நான்தான் என்று அவர் துறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.