ஐந்து விரலும் தெரிகிற இணைப்பு

பயம் எனக்குப் பிறவிக் குணம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் கணவர் கிண்டல் செய்யாத நாளில்லை. ஆனால் இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கியபோது எனக்கிருந்த பயம் இருட்டைப் பார்த்து வந்ததல்ல. ஒரு முறை நடந்தது மறுபடி நடந்துவிடக் கூடாதே என்ற பயம்.

என் தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடமும் வாய்க்கவில்லை, எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்கு இருந்த ஒரே பாஷை, சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் கைகளால் உண்டாக்கிக்கொண்டது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அது முழுதாகத் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். நான் ஜூஜுவாடியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு சிப்காட்டில் வேலை பார்த்தேன். அவளை மத்தூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அவள் கணவர் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கு வண்டி ஓட்டுகிறவர். நல்ல மனிதர். ஆனால் அவருக்குத் தெரிந்த கைப்பாஷை சாப்பாடு, தூக்கம், வா, போ, அவ்வளவுதான். மாமியாருக்கு அதுவும் தெரியாது.

முதல் தடவை உண்டாகியிருந்தபோது, ஏழாம் மாதத்தில், குழந்தை அசையவில்லை என்று அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுச் சொல்லியிருக்கிறாள். மாமியார் வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். மறுநாளும் சொல்லியிருக்கிறாள், மறுநாளும் ஓமத் தண்ணீர். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவள் மறுபடி உண்டானபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த ஓமத் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வந்தது. என் வீட்டுக்கே கூட்டிவந்துவிடலாம் என்றால், நாங்கள் இரண்டு பேரும் ஷிப்ட்டுக்குப் போய்விட்டால் பகலெல்லாம் அவள் தனியாக இருக்க வேண்டும். கதவைத் தட்டினால்கூடக் கேட்காதவளை எந்தத் தைரியத்தில் விட்டுவிட்டுப் போவது? அவள் அங்கேயே இருக்கட்டும், ஆனால் தினமும் ஒரு தடவை அவள் கையை நான் பார்த்தாக வேண்டும் என்று முடிவுசெய்தேன். அதற்கு இரண்டு வீட்டிலும் கேமரா வேண்டும், இன்டர்நெட் வேண்டும்.

லேண்ட்லைன் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்றார்கள் டெலிபோன் ஆபீசில். எங்கள் தெருவுக்கு வரும் கேபிளில் இடமில்லை. மத்தூர் வீடு வயலுக்கு நடுவில் இருந்தது. லைன் இழுக்கக் கம்பமே கிடையாது. மாமியார் வேறு, "பேசாத புள்ளைக்கு எதுக்கும்மா போனு? மணி அடிச்சா யாரு எடுக்கறது?" என்றார். கேலியில்லை, நியாயமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

ஒயரே இல்லாத இணைப்பு என்று அப்போது டேட்டா கார்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் செருகிவிட்டால் போதும். என் கணவர் தன் கம்பெனியில் கழித்துக் கட்டிய இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிவந்தார். முதலில் வந்த சேல்ஸ்மேன், "ஸ்பீடு பாருங்க மேடம், சும்மா பறக்கும்" என்றார். கணவருக்கு அங்கேயே வாய் பிளந்துவிட்டது.

"மத்தூர்ல பறக்குமா?" என்றேன்.

"அங்கெல்லாம் யாரு மேடம் நெட் யூஸ் பண்றாங்கோ?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருடைய கார்டில் மத்தூரில் படமே வரவில்லை.

இரண்டாவது கம்பெனி மெதுவானது. ஆனால் அதற்கு மத்தூரில் டவர் இருந்தது. கணவரை அங்கே அனுப்பி தங்கைக்கு முன்னால் கம்ப்யூட்டரை வைக்கச் சொல்லிவிட்டு, இங்கே நானும் அந்தக் கம்பெனி சேல்ஸ்மேனும் உட்கார்ந்தோம். அவர் ஏதோ எண்களைக் காட்டி விளக்கினார். எனக்கு எண் வேண்டாம், விரல் வேண்டும் என்றேன். தங்கை கையை விரித்துக் காட்டினாள். ஐந்து விரலும் வாழைச்சீப்பு மாதிரி ஒட்டிக்கொண்டு தெரிந்தன.

சேல்ஸ்மேன், "அவங்களுக்குத்தான் காது கேக்காதே மேடம், வாய்ஸ ஆஃப் பண்ணிடுங்க. சவுண்டுக்குப் போறதும் படத்துக்கே வந்துரும்" என்றார். அப்படியே செய்தோம். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஐந்தையும் எண்ணிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். மைக்கும் ஸ்பீக்கரும் வாங்கவே இல்லை. எங்கள் புத்திசாலித்தனத்தை நினைத்து அப்போது பெருமைப்பட்டுக்கொண்டோம்.

ஜூஜுவாடியில் இன்னொரு தொல்லை. கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி கூப்பிடு தூரம். கார்டு அடிக்கடி கர்நாடக டவரைப் பிடித்துக்கொண்டு அறுந்துபோகும். அந்த டவரை மறைக்க ஜன்னலில் அந்தப் பக்கமாக ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தை நிறுத்திவைத்தோம். ஓரளவு அடங்கியது.

எதை அமுக்க வேண்டும் என்று கணவர் அவளுக்குக் காட்டிக்கொடுத்திருந்தார். எந்த ஷிப்ட்டாக இருந்தாலும் தினமும் பார்த்துவிடுவேன். குழந்தை அசைகிறது என்பதற்கு எங்கள் பாஷையில் வார்த்தை இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை எதற்குத் தேவைப்பட்டிருக்கும்? புதிதாக ஒன்று செய்தோம். இடது உள்ளங்கையில் வலது முஷ்டியை வைத்து உருட்டினால் அசைகிறது. முஷ்டி சும்மா கிடந்தால் அசையவில்லை. அவள் தினமும் சிரித்துக்கொண்டே உருட்டுவாள். பின்னால் மாமியார் புளியோ ராகியோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் பக்கம் திரும்பமாட்டார். இரண்டு பேரும் கையை ஆட்டுவது அவருக்குக் கூத்தாகத் தெரிந்திருக்கும்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு சாயங்காலம் அவள் வந்து உட்கார்ந்தபோதே முகம் சரியில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் இடது கையை விரித்து, முஷ்டியை அதன் மேல் வைத்தாள். படம் நின்றுவிட்டது.

முஷ்டி உள்ளங்கையில் கிடந்தது, உருளவில்லை. படம் நின்றதால் உருளவில்லையா, அவளே உருட்டவில்லையா? பின்னால் இருந்த மாமியாரைப் பார்த்தேன். முறத்தில் கை வைத்தபடி அவரும் அப்படியே இருந்தார். தாம்பாளத்தை நகர்த்தினேன், கார்டைத் தட்டினேன். பிடுங்கிச் செருகலாம் என்று கை போனது. இருக்கிற இணைப்பும் போய்விட்டால் என்ன செய்வது என்று கையை இழுத்துக்கொண்டேன். தங்கை கணவரைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது போன். அந்த வீட்டில் வேறு போன் கிடையாது.

"அத்தை! அத்தை!" என்று மாமியாரைக் கூப்பிட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா ஓடிவந்துவிட்டார். மத்தூருக்கு மட்டும் கேட்காது. காது நன்றாகக் கேட்கிற ஒருத்தர் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார், என் தொண்டையில் குரல் இருக்கிறது, நடுவில் இருந்த சத்தத்தை நாங்களே அணைத்துவைத்திருந்தோம்.

என் படமாவது அங்கே போகிறதா என்று தெரியாது. போகிறது என்றே வைத்துக்கொண்டேன். கேமராவுக்கு முன்னால் எழுந்து நின்று தங்கையின் தோளுக்குப் பின்னால் விரலை நீட்டினேன், அத்தையை, அத்தையை. என் வயிற்றைத் தொட்டேன். முஷ்டியை உள்ளங்கையில் அசையாமல் வைத்துக் காட்டினேன். இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். ஊசி போடுவது மாதிரி கையில் குத்திக் காட்டினேன், வெளியே ஓடு என்று வாசலைக் காட்டினேன். மறுபடி வயிறு, முஷ்டி, ஊசி, வாசல். திரையில் இரண்டு பேரும் சிலையாக இருந்தார்கள். அந்த நிமிஷங்களைப் போல் நான் வேறெப்போதும் பயந்ததில்லை. யாருமே இல்லாத கிணற்றில் கத்துவதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் இணைப்பே அறுந்து திரை கறுத்துப்போனது.

கணவர் வந்ததும் பைக்கில் கிளம்பினோம். வழியெல்லாம் லாரிகள். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். சூளகிரி தாண்டியதும் என் போன் அடித்தது. தங்கை கணவர்.

"அண்ணி, அம்மா ஆட்டோக்காரர் போன்லருந்து கூப்ட்டாங்க. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்களாம். ஆபரேஷன் பண்றாங்களாம். நான் பெங்களூர்லருந்து வந்துக்கினே இருக்கேன்."

ஆஸ்பத்திரியில் மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தார். புடவையில் ராகி உமி ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"பொட்டப்புள்ள. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க. மூச்சு இருக்குது" என்றார்.

"டிவியில நீ பைத்தியமாட்டம் கையக் கையக் காட்டிக்கினு இருந்தே. இதென்னடா கூத்துன்னு கிட்ட வந்து பாத்தேன். வயித்தத் தொட்டே. அப்பறம் இவளத் திரும்பிப் பாத்தா, இவளும் வயித்தப் புடிச்சிக்கினு அழுவுறா. போன தடவ தொட்டாளே, அதே மாதிரி." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நர்ஸ் வந்து, தங்கை கண் விழித்துவிட்டாள், ரொம்பவும் மிரளுகிறாள், வீட்டு ஆள் ஒருத்தர் மட்டும் உள்ளே வரலாம் என்றார். நான் எழுந்தேன். மாமியார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பயப்படாதன்னு கையில எப்பிடிச் சொல்றது? காட்டு. நான் போறேன்."

காட்டினேன். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து மெதுவாகக் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் உன்னிப்பாகப் பார்த்து, தானும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கதவு முழுதாக மூடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவர் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். பிறகு கீழே இறக்கினார், என்னைப் போலவே நடுங்க நடுங்க. அந்த நடுக்கமும் வார்த்தையில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. இன்றைக்கும் அவளிடம் பயப்படாதே என்று அவர் அப்படித்தான் சொல்கிறார்.